'தலைவெட்டிக் கோவில்' என்று பெயரெடுத்த தர்ம ஸ்தாபனம்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சென்னைப் பட்டணத்துத் தமிழர்கள் ஒரு கூடத்துக்குத் 'தலைவெட்டிக் கோவில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கோவிலில் மூலவரும் இல்லை, உற்சவரும் இல்லை. மாலை வேளையில் துரைமார்கள் கூடுவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாசலில் உருவிய வாளுடன் ஒருவர் காவல் நிற்பார். புதிதாகச் சேருகிறவனின் தலையை உள்ளே வெட்டி, மறுபடி ஒட்டவைத்து உயிர் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று ஊரார் நம்பினார்கள்! வடக்கே இதே கூட்டத்தாரின் கட்டிடத்துக்கு 'ஜாதுகர்', அதாவது மாயவித்தை வீடு என்று பெயர். பம்பாய்ப் பக்கத்தில் 'சைத்தான் கானா'. 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பழைய ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியில் இந்தப் பெயர்கள் எல்லாம், தமிழ்ப் பெயர் உட்பட, பதிவாகியிருக்கின்றன.

இந்தக் கூட்டத்தார்தான் பிரீமேசன்கள். ஊரார் சொன்ன கதைக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேசன்களின் மூன்றாவது படிச் சடங்கில் ஒரு சிறு நாடகம் உண்டு. ஜெருசலேமில் சாலமன் மன்னன் ஆலயம் கட்டியபோது தலைமைச் சிற்பியாக இருந்த ஹிராம் என்பவன் தொழில் இரகசியத்தைச் சொல்ல மறுத்தான். உடன் வேலை செய்தவர்களே அவனைக் கொன்றார்கள் என்பது கதை. சடங்கில் உறுப்பினர் அந்தச் சிற்பியின் இடத்தில் நின்று 'இறந்து', பிறகு எழுப்பப்படுகிறார். பட்லரோ சமையற்காரரோ கதவிடுக்கு வழியாக இதைப் பார்த்திருந்தால், வெளியே வந்து வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

தானா ஷாவின் மாளிகை

ஹைதராபாத்தில் மேசன்கள் கூடும் இடம் கோஷாமகால் பாராதரி. அங்குள்ள போலீஸ் ஸ்டேடியத்தில் 2025 ஜனவரியில் புதிய உஸ்மானியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதே கோஷாமகால்தான். 'பாராதரி' என்றால் பன்னிரண்டு வாசல் கொண்ட மண்டபம். கோல்கொண்டாவின் கடைசிக் குதுப் ஷாஹி மன்னர் தானா ஷா 1680களில் கட்டியது இது. பத்ராசலம் ராமதாசரைச் சிறையில் வைத்தவர் என்பதால் தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில்கூட இந்த மன்னரின் பெயர் அடிபடும். 1687ல் அவுரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே காலமானார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் காலத்தில் அந்த மாளிகை மேசன்களின் உபயோகத்துக்கு வந்தது.

சிக்கந்தராபாத்துக்கு மேசன்கள் வந்த பாதையும் தமிழர்கள் வந்த பாதையும் ஒன்றுதான். 1798ல் நிஜாமுடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி கம்பெனிப் படை இங்கே தங்கியது. 1806ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் கண்டோன்மென்ட் ஊர் உருவாயிற்று. மதராஸ் பட்டாளத்தின் பின்னால் தமிழ் ஒப்பந்தக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், கடைக்காரர்கள் வந்து குடியேறினார்கள். திவான் பகதூர் பத்மராவ் முதலியார் பெயரால் இன்றும் பத்மராவ் நகர் விளங்குகிறது. அதே பட்டாளத்து அதிகாரிகள்தான் மேசன் லாட்ஜுகளையும் கொண்டுவந்தார்கள்.

'லாட்ஜ்' என்றதும் தமிழனுக்கு ரயிலடியில் உள்ள தங்கும் விடுதிதான் ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. ஐரோப்பாவில் மாதா கோவில்கள் எழும்பிய காலத்தில் கல்தச்சர்கள் வேலை நடக்கும் இடத்தை ஒட்டிக் கொட்டகை போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் லாட்ஜ். பிற்காலத்தில் கல் உடைக்காத கனவான்களும் அந்தச் சங்கங்களில் சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24ந் தேதி லண்டனில் சில லாட்ஜுகள் சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமைச் சபையை ஏற்படுத்தின. தொழில் போனாலும் கருவிகள் நின்றன. மூலமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று நம்மூர்க் கொத்தனார் பையில் கிடக்கும் சாமான்கள்தான் மேசன்களின் சின்னங்கள். மூலமட்டம் நேர்மைக்கு, ரசமட்டம் எல்லோரும் சமம் என்பதற்கு.

ஒன்பது வருஷம் காத்திருந்தவர்

எல்லோரும் சமம் என்பது இந்தியாவில் உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1730ல் கல்கத்தாவிலும், 1752ல் சென்னையிலும் லாட்ஜ் தொடங்கிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெள்ளையர்கள்.

முதலில் கதவு திறந்தது தமிழ் மண்ணில்தான். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமாரா 1775ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்ந்தார். இந்தியர்களில் முதல் மேசன் என்று வரலாற்றில் குறிக்கப்படுகிறவர் அவர்தான். லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோய் அவருக்கு ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். நவாப் வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தட்டியபோதுதான் சங்கடம் வந்தது. பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவானைச் சேர்க்க மறுத்தார்கள். அவர் பாரிசுக்குப் போய் அங்கே மேசனாகித் திரும்பினார்! அதன் பிறகே, 1843ல், இந்தியர்களையும் சேர்க்கும் லாட்ஜ் பம்பாயில் ஏற்பட்டது.

இந்துக்கள் விஷயம் இன்னும் இழுத்தது. மேசனாக ஒரே பரம்பொருளை நம்ப வேண்டும். இந்துக்களுக்குத் தெய்வங்கள் பல, தவிர ஜாதி வேறு தடை என்று வாதம் செய்தார்கள். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் 1863ல் விண்ணப்பித்தார். மாகாணத் தலைவர் மறுத்தார். தத் விடவில்லை, லண்டன் வரை முறையிட்டார். 1872ல்தான் உள்ளே அனுமதிக்கப்பட்டார். சகோதரத்துவம் பேசும் ஒரு சபை ஒரு மனிதரை ஒன்பது வருஷம் வாசலில் நிறுத்தியது. அந்தச் சபையைப் போற்றும் விழா மேடைகளில் இதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

தத் திறந்த வழியாகப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் நரேந்திரநாத் என்ற இருபத்தொரு வயது இளைஞர். 1884 பிப்ரவரி 19ந் தேதி கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். ஆறே நாளில் அவருடைய தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் விழுந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1893 பிப்ரவரி 13ந் தேதி, அதே இளைஞர் விவேகானந்த சுவாமியாகச் சிக்கந்தராபாத் மகபூப் கல்லூரி மேடையில் நின்று, மேல்நாடு செல்லும் தமது நோக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். அந்தக் கல்விச்சாலையை 1862ல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார் என்ற தமிழர். பள்ளிக்கும் மேசன் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சிக்கந்தராபாத் தமிழர்கள் பெருமையோடு நினைத்துப் பார்க்கக்கூடிய ஒரு சந்திப்பு அது.

கையில் காசில்லாத ஒரு நிமிஷம்

சுதந்திரத்துக்குப் பிறகு 1961 நவம்பர் 24ந் தேதி புதுடில்லியில் இந்திய கிராண்ட் லாட்ஜ் உதயமாயிற்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று கிராண்ட் லாட்ஜுகளின் சம்மதத்தோடு நடந்த காரியம். ராம்பூர் நவாப் சையது ரசா அலி கான் முதல் கிராண்ட் மாஸ்டர். பழைய தொடர்பை விட மனமில்லாத சில லாட்ஜுகள் வெளிநாட்டுத் தலைமையின் கீழேயே இருந்துவிட்டன. நாடு நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹைதராபாத் தென்வட்டாரத்தில் சேர்ந்தது. அதன் தலைமையகம் சென்னை எழும்பூரில், கூவம் கரையில் உள்ள பிரீமேசன் ஹால். அதற்கு முன்பு மெரினா கடற்கரையில் 1839ல் கட்டிய கூடம் ஒன்று மேசன்களுக்கு இருந்தது. அதைப் போலீசார் 1865ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்து, 1874ல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டார்கள். இன்று தமிழ்நாடு போலீஸ் தலைமையகம் அதில்தான் இருக்கிறது.

பாகிஸ்தானில் 1972ல் இந்தச் சங்கத்துக்குத் தடை விதித்தார்கள். இந்தியாவில் அப்படி நேரவில்லை. கூட்டத்துக்குள் மதச் சர்ச்சையும் அரசியலும் பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், ஜெந்த் அவெஸ்தா எல்லாம் ஒரே பீடத்தில் வைக்கப்படுகின்றன. அவரவர் வேதத்தின் மேல் அவரவர் உறுதிமொழி எடுக்கலாம். தத் காலத்து வாதங்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது.

இந்தச் சங்கத்தின் தர்மம் தொடங்கும் இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். சேரும் நாளில் புது உறுப்பினரிடமிருந்து காசு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு சபை நடுவே நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது கொடுக்கும்படி கேட்கிறார்கள். அவர் கோடீஸ்வரராகவே இருக்கலாம்; அந்த நிமிஷத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இல்லை என்று சொல்ல நேரும் அந்தக் கூச்சத்தை, கஷ்டப்படும் ஒருவரைக் காணும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்கிறார்கள். தர்மத்தைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் செய்வதைவிட இது நல்ல ஏற்பாடு.

லாட்ஜ் கூடும்போது தர்மப் பை சுற்றி வருவது வழக்கம். யார் என்ன போட்டார் என்று பட்டியல் வாசிப்பதில்லை. 'ஆல்மனர்' என்று ஓர் அதிகாரி உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் உறுப்பினரைப் போய்ப் பார்ப்பது, காலமானவரின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தேவை என்று விசாரிப்பது அவர் வேலை. குடும்பத் தலைவர் போன மூன்றாம் மாதம்தான் வீட்டில் பணமுடை தெரியத் தொடங்கும். பதினாறாம் நாளோடு உறவினர் வருகை நின்றுவிடும். அப்போது கதவைத் தட்டுவதற்கென்றே ஒருவரை நியமித்து வைத்திருப்பதை எந்தச் சங்கமும் காப்பி அடிக்கலாம்.

கல்விப் பணியும் அநாதைப் பிள்ளைகளை வைத்துத்தான் ஆரம்பித்தது. 1788ல் லண்டனில் ருஸ்பினி என்ற பல் டாக்டரின் முயற்சியால் மேசன்களின் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஏற்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 15 சிறுமிகள். இன்று எல்லாக் குடும்பத்துப் பெண்களும் படிக்கும் பள்ளியாக அது நடக்கிறது. 'உங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே செய்கிறீர்கள்?' என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இந்தியாவிலும் பதில் உண்டு. டில்லி வசந்த் குஞ்சில் மேசானிக் பப்ளிக் ஸ்கூல், ஜன்பத்தில் பாலிகிளினிக், கோவை ரேஸ் கோர்ஸில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆகியவை பொது ஜனங்களுக்கானவை. கோவை ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மாருக்குப் பிரீமேசன் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாற்காலியை விட்டு இறங்குவது

தலைமைப் பயிற்சியும் இவர்களிடம் ஒரு முறையோடு நடக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் சின்னப் பொறுப்புகளில் ஆரம்பித்து, டீக்கன், வார்டன் என்று ஏறி, பல வருஷம் கழித்து லாட்ஜின் மாஸ்டர் ஆகிறார். சடங்கு வசனங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பதால் சபைக் கூச்சம் தானாகப் போய்விடும். மாஸ்டராக இருப்பது பெரும்பாலும் ஒரே வருஷம். அது முடிந்ததும் சுத்தியலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். ஆபீசில் அவருக்கு மேலதிகாரியாக இருப்பவர் லாட்ஜில் அவருக்குக் கீழே வார்டனாக நிற்பதும் உண்டு. சங்கம் ஆரம்பித்தவரே சாகும்வரை தலைவர் என்று நடக்கும் எத்தனையோ அமைப்புகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒரு வழக்கமே பெரிதாகத் தோன்றும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. இரகசிய ஓட்டெடுப்பில் வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை போட்டு ஆளைச் சேர்க்கும் வழக்கம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற வட்டத்துக்குள்ளேயே சங்கத்தை நிறுத்திவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. சடங்கு முழுவதும் எத்தனையோ காலத்துக்கு முன்பே ஐரோப்பாவில் புத்தகமாக வந்துவிட்ட பிறகும் இரகசியம் காப்பது எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. அடையாளம் கண்டுகொள்ளும் முறைகள்தான் இரகசியம், சங்கம் இரகசியமல்ல என்பது மேசன்களின் பதில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களுக்கு இடமில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த மேசன் அமைப்பை அன்னி பெசன்ட் அம்மையார் 1902லேயே லண்டனில் தொடங்கிவிட்டார். இந்திய கிராண்ட் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை. கோஷாமகால் என்ற பெயரில் உள்ள 'கோஷா' என்பது பெண்கள் திரை மறைவில் இருப்பதைக் குறிக்கும் சொல். அரண்மனைப் பெண்டிருக்காகக் கட்டியது என்று கூறப்படும் அந்த மாளிகையில் இன்று உறுப்பினர்களின் மனைவிமாரும் மகள்களும் குடும்ப விருந்து நாட்களில் விருந்தாளிகளாக வந்து போகிறார்கள்.