மாத்திரையோடு வருகிறவர்

காலை ஏழு மணிக்கே போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும். எட்டைத் தாண்டினால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ கிளம்பியிருப்பார்கள். அதனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை பார்க்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், சொந்த வீட்டு அடுப்பை அணைத்த கையோடு தெருவில் இறங்கிவிடுகிறார். பையில் பி.பி. பார்க்கும் கருவி, குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகள். கையில் போன். பார்த்ததை எல்லாம் அங்கேயே செயலியில் ஏற்றியாக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சுகரும் பிரஷரும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை போகிறது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர், கை கால் விழுந்தவர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் என்று ஏற்பாடு விரிவானது. 2024-ல் தொற்றாநோய்த் தடுப்புக்காக ஐக்கிய நாடுகள் சபை தரும் விருதும் கிடைத்தது. மேடைகளிலும் செய்திகளிலும் அதிகம் பேசப்பட்டது பயனாளிகளின் எண்ணிக்கை. அந்தக் கோடிக் கணக்குக்குப் பின்னால் நடந்துபோகிற பெண்ணின் வேலை என்ன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே என்று தோன்றும். அது வேலையின் எளிய பாதி.

திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டான 2020-ல் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் அப்போதும் இருந்தன, மாத்திரை அப்போதும் இலவசம்தான். ஆனால் அதை வாங்க மாதம் ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். உடம்பில் வலி ஏதும் இல்லாத நோய்க்கு இத்தனை பாடு யார் படுவார்கள்? அந்தத் தூரத்தை அரசு குறைத்தது சரியான காரியம்.

தூரம் குறைந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. பணக்கார நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது. மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிற ஊர்களின் கதை அது. மாத்திரை வீட்டுக்குள் வந்த பிறகு அலமாரிக்கும் வாய்க்கும் இடையே இன்னொரு தூரம் இருக்கிறது. அதைக் கடக்க வைப்பதுதான் இந்தப் பெண்களின் வேலையில் கடினமான பாதி.

மாத்திரையை நிறுத்தியவரிடம் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது முட்டாள்தனமான காரணமாகவும் இருக்காது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். கால் வீங்கினால் கிட்னி போய்விட்டது என்பது ஊர்க் கணக்கு. ‘மாத்திரை சாப்பிட்டுத்தான் கிட்னி கெட்டுச்சு’ என்று அவரே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். கட்டுப்படாத பிரஷர்தான் உண்மையில் கிட்னியைக் கெடுப்பது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அவர் இருமலுக்குச் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால் மெட்ஃபார்மினை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இதில் எந்த மருந்தையும் மாற்றவோ நிறுத்தவோ தன்னார்வலருக்கு அதிகாரம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் கால் வீங்கியிருப்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான். மருத்துவரிடம் அவர் சொன்னால் மாத்திரை மாறும். அவர் பார்க்காமல் அட்டையை மட்டும் நீட்டிவிட்டுப் போனால், அடுத்த மாதம் அந்த வீட்டில் இரண்டு மாத மாத்திரை சேர்ந்திருக்கும். செயலியில் மட்டும் ‘வழங்கப்பட்டது’ என்று பதிவாகியிருக்கும்.

நல்ல தன்னார்வலர் ‘மாத்திரை சாப்பிட்டீங்களா ஆயா?’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ‘சாப்பிட்டேன் பாப்பா’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. போன மாத அட்டையை எடுத்து வரச் சொல்கிறார். மீதி எத்தனை என்று எண்ணுகிறார். திட்டாமல் எண்ண வேண்டும் என்பது முக்கியம். ஒரு முறை திட்டு வாங்கிய பாட்டி அடுத்த முறை அட்டையை ஒளித்து வைப்பார். எண்ணினால் பல சங்கதிகள் வெளியே வரும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சுகர் மாத்திரை என்பதால் ஒருவர் அட்டையை இருவர் பங்கு போட்டிருப்பார்கள். விரதமோ நோன்போ இருந்த நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் மொத்தமாக விட்டிருப்பார்கள். சிலர் அதற்கு நேர்மாறு. சாப்பிடாமல் இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். தனியாக இருக்கும் முதியவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை நோயாளிக்கு மட்டும் சொல்லி வைத்தால் போதாது. அந்த நேரத்தில் அவருக்கு யோசிக்க வராது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேரனிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஏற்கெனவே நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து.

பிரஷர் பார்ப்பதிலும் பதற்றம் ஆகாது. வயலிலிருந்து வந்தவரை நிற்க வைத்துப் பட்டையைச் சுற்றினால் அளவு எகிறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ ஆகியிருக்கக் கூடாது. கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு தெருவை ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டியவருக்கு வீட்டுக்கு வீடு இந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

பிறகு கால்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்லப் போகும். செருப்பு நழுவி விழுந்ததே தெரியாமல் நடந்து வந்திருப்பார்கள். முள் குத்தியதும், வெந்நீர் சுட்டதும் தெரியாது. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, ஆணி, நகத்தின் ஓரம் என்று பார்க்கத் தெரிந்த கண் இருந்தால், ஒரு சிறிய கொப்புளம் கால் எடுக்கும் நிலைக்குப் போகாமல் தடுக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது என்பதற்கும் விடை வேண்டும். ஈர மணலில் வைத்த மண்பானை கைகொடுக்கும் என்பது ஆய்வுகளிலும் தெரியவந்த சேதிதான்.

பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த கிராமத்துப் பெண்ணால் இதெல்லாம் ஆகுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சென்னைக்கு அருகிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. பத்மபூஷண் பெற்ற சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, தன்னிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் எட்டாக்கனி என்பதைக் கண்டவர். கிட்னி கெட்ட பிறகு ஓடுவதைவிட, கெடாமல் பார்த்துக்கொள்வோம் என்று கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் இறங்கினார். பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேள்விகள் கேட்டு, பிரஷர் பார்த்து, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். சந்தேகப்பட்டவர்களை மருத்துவர் பார்த்தார். கொடுத்த மருந்துகள் ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு, மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட். இருப்பதிலேயே விலை மலிவான பழைய சரக்குகள், சிலவற்றைப் பெரிய ஆஸ்பத்திரிகள் மறந்தேவிட்டன. ஆனாலும் சிகிச்சை பெற்றவர்களில் 96 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. சர்க்கரை நோயாளிகளில் 52 சதவீதம் பேருக்கு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவு (HbA1c) ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆன செலவு, அந்த ஊர்களின் மொத்த மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட். இந்தக் கணக்கை அவர் 2005-ல் சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியிட்டார்.

மாநிலம் முழுவதற்குமான 7.3-ஐயும் சில கிராமங்களின் 96-ஐயும் நேராக ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஒன்று நோய் உள்ள எல்லோரையும் பற்றியது, மற்றது தேடிப்போய்ச் சிகிச்சை கொடுத்தவர்களைப் பற்றியது. ஆனால் அந்தத் தேடிப்போவதுதான் இங்கே பேச்சு. அந்தக் கிராமங்களில் மருந்து பழையது, ஆய்வுக்கூடம் சின்னது. திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்த ஆள் மட்டும் புதிது.

கேரளத்திலும் இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண மையம், சில ஆண்டுகளில் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்க்காரர்களே நடத்தும் வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் அந்த வீட்டுப் பராமரிப்பைச் சுமப்பவர் வட்டார நோய்த்தணிப்புச் செவிலியர். பக்கவாதத்தில் விழுந்தவர், புற்றுநோய் முற்றியவர், முதுகுத்தண்டு அடிபட்டவர் என்று இவர் போகிற வீடுகள் வேறு மாதிரி. படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் உண்டு. ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிற செவிலியர் கட்டுப்போட்டு என்ன ஆகும்? மீதி நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியது வீட்டில் உள்ளவர். எனவே நோயாளிக்குச் செய்வதைவிட, வீட்டில் உள்ளவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இவருடைய பெரிய வேலை. குதிகாலையும் இடுப்பையும் தினமும் பார்க்கணும். சிறுநீர்ப் பையைக் கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்கக் கூடாது. வாதம் அடித்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர் என்றால், வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது.

அந்த ‘வீட்டில் உள்ளவர்’ யார் என்று பார்த்தால், பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மாமியாரைத் தூக்கித் தூக்கி இடுப்பு போன மருமகளின் பி.பி.யையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிற செவிலியருக்குக் கூடுதலாக யாரும் மதிப்பெண் போடுவதில்லை. திட்டத்தில் எழுதப்படாத இந்த மாதிரி வேலைகளில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இனி காசு விஷயம். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட இந்தத் தன்னார்வலர்களுக்குத் திட்டம் தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. அதன் பிறகு தொகை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் அது இன்னும் சம்பளம் ஆகவில்லை. குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி என்ற கோரிக்கைகளோடு அவர்கள் போராடியும் வருகிறார்கள். பாதி நாள் வேலைதானே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அட்டையை நீட்டுவதற்குப் பாதி நாள் போதும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிரஷர் பார்க்கவும், மிச்சத்தை எண்ணவும், காலைக் குனிந்து பார்க்கவும் போதாது. செயலியில் எண்ணப்படுவது வீடுகள்தான், பேச்சு அல்ல. எதை எண்ணுகிறோமோ அதுதான் கிடைக்கும். எண்ணிக்கையில் கோடியைத் தொட்டாயிற்று. அடுத்து அளக்க வேண்டியது எத்தனை பேருக்கு மாத்திரை போனது என்பதை அல்ல, எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வந்தது என்பதை. அப்படி அளக்கத் தொடங்கினால், வாசலில் நிற்கிற பெண்ணின் நேரத்துக்கு நியாயமான விலை கொடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அவர் வந்தால், மீதி இருக்கும் மாத்திரைகளை ஒளிக்காமல் எடுத்துக் காட்டுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் அவரிடமே சொல்லுங்கள். வீட்டில் சுகரோ பிரஷரோ உள்ளவர், படுக்கையில் இருப்பவர் யாராவது இருந்து இன்னும் யாரும் வரவில்லை என்றால், அருகில் உள்ள துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விவரம் தெரிந்துகொள்ள 104 என்ற எண் இருக்கிறது.