உங்களுக்குத் தெரியுமா? பார்சலில் பட்டாசும் பேட்டரியும்

சிவகாசியில் அச்சாகும் காலண்டர் தபாலில் எந்த ஊருக்கும் போகும். அதே ஊர்ப் பட்டாசு போகாது, தீப்பெட்டியும் போகாது. வெடிபொருளுக்கு 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திலேயே தடை இருந்தது. தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் பிழைத்தார்கள். லேபிள் வெறும் காகிதம்தானே!

‘கம்பி மத்தாப்புதானே’ என்று ரயிலில் பையோடு ஏறினாலும் குற்றம்தான். ரயில்வே சட்டப் பிரிவு 164-இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆன்லைனில் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. ‘வீட்டுக்கே டெலிவரி’ என்று தீபாவளி நேரத்தில் வரும் விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் பட்டாசு 1-ஆம் வகுப்பு, தீப்பெட்டி 4-ஆம் வகுப்பு. செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரியும் அதில் உண்டு, 9-ஆம் வகுப்பு.

பட்டாசு மருந்து எரியக் காற்று வேண்டாம். கலவையில் இருக்கும் வெடியுப்பே ஆக்சிஜனைக் கொடுத்துவிடும். லித்தியம் பேட்டரியிலும் கிட்டத்தட்ட இதே கதை. கோபால்ட் ஆக்சைடு வகை பேட்டரி அளவுமீறிச் சூடானால் அதன் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியேற்றும். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக் கூடியது. அதனால் மூடி அமுக்கினால் மட்டும் அணையாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால்தான் அடுத்த செல்லுக்குப் பரவாது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யு.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் லித்தியம் பேட்டரிகள் ஏராளம். 2016 ஏப்ரல் 1 முதல் தனி லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பவர் பேங்க்கைத் தபாலில் அனுப்பலாமா? முடியாது. சர்வதேச அஞ்சலில் கருவிக்குள் பொருத்திய பேட்டரிக்கு மட்டுமே, அதுவும் அனுமதி பெற்ற நாடுகளின் அஞ்சல் துறை வழியே, இடமுண்டு. அவரே ஊருக்கு வந்து போகும்போது கைப்பையில் எடுத்துப் போகலாம். பொதுவான வரம்பு 100 வாட்-அவர், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர்தான். செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது.

பேரனுக்குப் பொம்மைக் கார் பார்சலா? செல்லைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். அது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரியில் இரு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரு சாவியோ சில்லறைக் காசோ பட்டாலே போதும், சூடேறிவிடும். வீட்டில் போட்டு வைக்கும்போதும் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

உப்பிப்போன செல்போன் பேட்டரியைப் பார்சலில் வைக்கவே கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பை 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.