கொல்லைப்புற மருதாணிக்குள் இத்தனை சங்கதியா? காரைக்கால்காரர்களே, தெரியுமா?

காரைக்கால் பக்கம் கொல்லை உள்ள வீடு என்றால் முருங்கை இருக்கும், வாழை இருக்கும், வேலியோரமாக மருதாணி ஒன்றும் நிற்கும். ஆடி பிறந்தால்தான் அதற்கு மவுசு. கைக்கு வைத்தது போக மிச்சத்தை நரைத்த தலையில் அப்பிக்கொள்வோம், அப்புறம் அடுத்த ஆடி வரை மறந்துவிடுவோம். அந்தச் செடியின் கதை எகிப்து ராஜாவின் தலைமுடி வரைக்கும், அதன் ரசாயனம் கைரேகை ஆய்வகம் வரைக்கும் போகிறது என்றால் நம்புவீர்களா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், வரிசையாகப் பார்த்துவிடுவோம்!

காரைக்கால் பாட்டில் செம்பட்டைத் தலை!

மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடித்திருப்பீர்கள். அந்த விழாவின் நாயகி காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில், முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேய் வருகிறது. அதன் தலைமுடி என்ன நிறம் தெரியுமா? சிவப்பு! ஏறத்தாழ 1500 வருடங்களுக்கு முன்பு நம்மூர்ப் பெண் ஒருவர் சிவந்த முடியைப் பாட்டில் பதிவு செய்துவிட்டார். அன்றைக்கு அது பேய்க்கோலம். இன்றைக்கு அதே நிறத்துக்கு பார்லரில் நாலு மணி நேரம் உட்கார்ந்து காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்!

பச்சை இலையில் சிவப்பு எங்கே இருக்கிறது?

மருதாணி இலையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள், ஒன்றுமே ஆகாது. அரைத்து வையுங்கள், சிவக்கும். ஏன் தெரியுமா? சாயம் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து, நிறமே காட்டாமல் கிடக்கிறது. அரைத்துப் புளிப்பு சேர்த்து ஊறவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து, காற்றுப் பட்டதும் ‘லாசோன்’ என்ற சாயமாக மாறுகிறது. உலர்ந்த இலையில் இதன் அளவு பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான். 100 கிராம் பொடியில் ஓரிரண்டு கிராம்! அந்தத் துளிதான் உங்கள் தலை, தலையணை உறை, குளியலறைத் தரை எல்லாவற்றையும் சிவப்பாக்குகிறது.

பட்டுக்கு ஆகாது, பருத்திக்குப் பரவாயில்லை!

லாசோனுக்குப் புரதம் என்றால் கொள்ளை ஆசை. முடி, நகம், மேல்தோல் மூன்றும் கெரட்டின் என்ற புரதம். லாசோன் அதோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும், ஷாம்பு போட்டாலும் விடாது. பட்டும் கம்பளியும் புரதம்தான். ஆகவே தலையில் மருதாணியோடு பட்டுப்புடவை பக்கம் போகாதீர்கள்! பருத்தி புரதமல்ல, அதில் மருதாணி அவ்வளவாக ஊன்றாது. அதனால்தான் இந்தச் சோழமண்டலக் கரையில் பருத்தித் துணியைச் சிவப்பாக்க வேறொரு செடியைத் தேடினார்கள். மணற்பாங்கான நிலத்தில் வளரும் சாயவேர்தான் அது. துணிக்கு வேர், தலைக்கு இலை. இரண்டு சிவப்பும் ஒரே கரையில் கிடைத்தன!

பொடி எப்போது ‘தயார்’ என்று சொல்லும் தெரியுமா?

இனி வீட்டு வேலை. தோள் வரை முடி என்றால் சுமார் 200 கிராம் சுத்தமான மருதாணிப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். மாவுச் சல்லடையில் ஒரு தடவை சலித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காம்பும் மணலும் முடியில் சிக்கிக்கொண்டு படாதபாடு படுத்தும். ஆறிய டீ டிகாஷனோடு ஒன்றிரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, இட்லி மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மூடி வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். மேற்பரப்பு பழுப்பாகியிருக்கும், கரண்டியால் கிளறினால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்ட இடத்தில் சாயம் பிறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்! சந்தேகமா? உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுக் கறை இருந்தால் தயார். குளிர் ஊர்களில் இதற்கு ஓர் இரவு முழுக்கக் காத்திருப்பார்கள், நம்மூர்ச் சித்திரை வெயிலில் காலையில் கரைத்தால் மத்தியானமே ஆகிவிடும்.

தலைக்கு எண்ணெய் இருக்கக் கூடாது. முந்தின நாளே சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லாம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மறந்தால் நாலு நாளைக்கு நெற்றியில் செம்பட்டை கட்டியது போலத்தான் வெளியே போக வேண்டும்! பாகம் பிரித்து வேரிலிருந்து நுனி வரை தடவி, கொண்டையாகச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். காய்ந்த பசையிலிருந்து சாயம் ஏறாது, ஈரம் இருக்கும் வரைதான் வேலை நடக்கும். சளி பிடிக்கிற உடம்பா? உச்சி வெயில் நேரமாகப் பார்த்து வையுங்கள், பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம்.

இரும்புச் சட்டியா, பீங்கான் கிண்ணமா?

‘மருதாணியை இரும்புச் சட்டியில்தான் ஊற வைக்கணும்’ என்று பாட்டி சொல்லியிருப்பார். பாட்டி சொன்னது சரிதான், ஆனால் யாருக்கு என்பதுதான் கேள்வி! இரும்பு கரைந்து லாசோனோடும் டீயின் துவர்ப்போடும் சேர்ந்தால் நிறம் கறுக்கும். நரை பழுப்பாகத் தெரிந்தால் போதும் என்பவருக்கு இரும்புச் சட்டி. நல்ல சிவப்பு வேண்டும் என்பவருக்குப் பீங்கானோ கண்ணாடியோதான். பாத்திரத்தை மாற்றினால் நிறமே மாறிவிடுகிறது!

நரைத்தவர்தான் அதிர்ஷ்டசாலி!

மருதாணி முடியை வெளுக்காது, இருக்கிற நிறத்தின் மேல் ஒரு படலமாகத்தான் ஏறும். அதனால் கன்னங்கரேல் என்ற இளம் முடியில் வைத்தால் வெயிலில் நின்றால் மட்டும் ஒரு செம்மினுக்கு தெரியும், அவ்வளவுதான். நரைத்த முடியிலோ நெருப்பு மாதிரிப் பற்றிக்கொள்ளும்! அலசி எடுத்ததும் பளீர் ஆரஞ்சைப் பார்த்துப் பதறாதீர்கள். இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டுப்பட்டு அது செம்பழுப்பாக இறங்கிவிடும். ஆகவே கல்யாணத்துக்குப் போக வேண்டுமா? அன்று காலையில் வைக்காதீர்கள், மூன்று நாள் முன்னதாக வைத்துவிடுங்கள்.

வேடிக்கை ஒன்று. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற செந்தலைகளில் ஒருவர் நகைச்சுவை நடிகை லூசில் பால். இயற்கையில் அவருக்குப் பழுப்பு முடி, சிவப்பு வந்தது மருதாணியால். ஆனால் 1951-இல் தொடங்கிய அவருடைய ‘ஐ லவ் லூசி’ ஒளிபரப்பானது கறுப்பு வெள்ளையில்! தொடரில் ஒருநாளும் சிவப்பாகத் தெரியாத தலை, சிவப்புக்காகவே பேர் வாங்கிவிட்டது.

பாரிசுக்குப் போன மருதாணித் தலை!

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1954-இல் விடுபட்டது. இங்கிருந்து பாரிசுக்குக் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். 1976-இல் பாரிசுக்கு வைத்தியத்துக்கு வந்து இறங்கிய ஒரு ‘நோயாளி’யைத் தெரியுமா? எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேசின் மம்மி! பூஞ்சை பிடித்த உடலைக் காப்பாற்றக் கொண்டுபோன இடத்தில் முடியையும் ஆராய்ந்தார்கள். தொண்ணூறு வயதை ஒட்டி மறைந்தவர், முடி நரைத்திருக்க வேண்டும். ஆனால் செம்மஞ்சளாக மின்னியது. மருதாணி! 3200 வருடமாக வெளுக்காத ஹேர் டை வேறு எங்காவது உண்டா?

ஒரே செடி, மூன்று கோபுரம்!

அம்மையார் பாட்டைப் பார்த்தோம். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக் கூட்டத்தில் செந்தாடிப் பெரியவர் எதிர்ப்பட்டால் அதன் பின்னணி தெரியுமா? நரைக்கு மருதாணி பூசுவது நபிவழியில் நல்ல வழக்கமாகச் சொல்லப்படுகிறது. முதல் கலீபா அபூபக்கர் மருதாணியோடு ‘கதம்’ என்ற செடியையும் சேர்த்துச் சாயமிட்டதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. விவிலியத்தின் உன்னதப்பாட்டைப் புரட்டினால் அங்கேயும் மருதோன்றிப் பூங்கொத்து வருகிறது. கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் மூன்றும் உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது?

மருதாணிக்குச் சொந்தக்காரர்கள் யார் யார்?

தாவர வகைப்பாட்டில் இதன் நெருங்கிய உறவு எது தெரியுமா? மாதுளை! இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் சாயத்தில் உறவு வேறு. வாசலில் பூக்கும் காசித்தும்பையிலும் லாசோன் இருக்கிறது. கொரியாவில் பெண்கள் அந்தப் பூவை நசுக்கி நகத்தில் கட்டிச் சிவப்பாக்கிக்கொள்வார்கள். வால்நட் தோலின் பழுப்புக் கறையோ லாசோனின் இரட்டைப் பிறவி. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஓர் இணைப்பு மட்டும் இடம் மாறியிருக்கும், நிறம் பழுப்பாகிவிடும்!

சிவப்பின் மேல் நீலம் பூசினால் கறுப்பு!

மருதாணி தனியாக ஒருநாளும் கறுப்பு தராது. கறுப்பு வேண்டுமானால் மருதாணியை அலசிய பிறகு அவுரி இலைப் பொடியைத் தனியாகக் கரைத்துப் பூச வேண்டும். சிவப்பும் நீலமும் சேர்ந்துதான் கருமை வருகிறது. இந்த அவுரி சும்மா ஆளில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலத்தில் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் கப்பலேறியது. கரைத்த அவுரிக்குப் பொறுமை கிடையாது, மணிக்கணக்கில் ஊறவிட்டால் வீரியம் போய்விடும். மருதாணி காத்திருக்கச் சொல்லும், அவுரி சீக்கிரம் பூசு என்று விரட்டும்!

‘கறுப்பு மருதாணி’ என்றால் ஓட்டம் பிடியுங்கள்!

ஒரே பொடியில் அரை மணியில் கன்னங்கறுப்பு என்று பாக்கெட் சொன்னால், உள்ளே பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். சிலருக்கு அது கொப்புளம், முகவீக்கம், மூச்சுத்திணறல் வரைக்கும் கொண்டுபோய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் அதற்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. பாக்கெட்டில் உள்ளடக்கம் படியுங்கள், மருதாணி இலை மட்டும் இருந்தால் வாங்குங்கள். ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. புதுப் பொடி எதுவானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் வைத்து ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

இன்னொன்றும் முக்கியம். கைக்குழந்தைக்கு அசல் மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு லாசோன் தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக் கூடும்.

திருடனைக் காட்டிக்கொடுக்கும் மருதாணி!

காகிதத்தைத் தொட்டால் விரல் வியர்வையின் அமினோ அமிலம் அதில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லாசோனை வைத்து அந்த ரேகையை வெளிக்கொண்டு வந்தார்கள். நரைமுடியைப் பிடித்துக்கொள்ளும் அதே புரத மோகம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அடுத்த தடவை மருதாணிக் கையோடு பிஸ்கட் டப்பாவைத் திறந்த பிள்ளையைப் பிடிக்க ஆய்வகம்கூட வேண்டாம்!

கடைசியாக, நம்பவே முடியாத ஒன்று!

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருதாணிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. எதற்குத் தெரியுமா? தலைமுடிக்கு மட்டும்! புருவத்துக்குக் கூடாது, கண்ணிமைக்குக் கூடாது, கையில் வைக்க என்று விற்கவும் அனுமதியில்லை. காரைக்காலில் எந்தக் கல்யாண வீட்டிலாவது முந்தின நாள் ராத்திரி போய் இந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டிப் பாருங்கள். படித்து முடிப்பதற்குள் உங்கள் கையையும் இழுத்து வைத்து ஒரு தொப்பி போட்டு அனுப்பிவிடுவார்கள்!