படத்திற்கும் ஒரு முகவரி வேண்டும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம்மவர் இல்லங்களில் பொன்னும் பொருளும் குறைவாக இருக்கலாம், புகைப்படங்களுக்குக் குறைவிராது. பெற்றோரின் திருமணக் கோலம், குழந்தையின் காதணி விழா, ரயில்வே குடியிருப்பின் முற்றத்தில் வைத்த பொங்கல், ஊரில் இன்று இடிந்து போய்விட்ட வீட்டின் திண்ணை ஆகிய யாவும் முன்பு தகரப் பெட்டிக்குள் உறங்கின. இப்போது பிள்ளைகள் அவற்றை நகலெடுத்து இணையத்தில் ஏற்றி வைக்கின்றனர். போற்றத்தக்க பணியே. ஆயினும் ஏற்றிய படங்களுள் எத்தனை, தேடுவோர் கண்ணில் படுகின்றன? பல படங்கள் பெட்டி மாறி உறங்குகின்றன என்பதே உண்மை.

காரணம் எளியது. ரயில்வேயில் பார்சல் அனுப்பியவர் அறிவர்: மூட்டையின்மேல் புறப்படும் நிலையமும், சேரும் நிலையமும், பெறுவோர் பெயரும் தெளிவாக இருத்தல் வேண்டும். எழுத்தழிந்த மூட்டைக்குள் பட்டுப் புடவையே இருந்தாலும் அது உரியவர் கைக்குச் சென்று சேராது. கேட்பாரற்றுக் கிடந்து இறுதியில் ஏலத்திற்குப் போகும். பெயரின்றி ஏற்றிய படத்தின் கதியும் அதுவே.

படங்களைத் தேடித் தரும் வசதி தோன்றிய வரலாறு சுவையானது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த கிராமி விருது விழாவிற்கு நடிகை ஜெனிஃபர் லோபஸ் ஒரு பச்சை உடை அணிந்து வந்தார். அவ்வுடையைக் காண விரும்பி எண்ணற்றோர் கூகிளில் தேடினர். சொற்களைக் கொண்ட பக்கங்கள் வந்தனவேயன்றி, அவர்கள் விரும்பிய படம் நேரே வந்து நிற்கவில்லை. அக்குறையை நீக்க 2001ஆம் ஆண்டு ஜூலையில் படத்தேடல் தொடங்கப்பெற்றது. படத்தைச் சூழ்ந்திருக்கும் சொற்களைக் கொண்டே அது படத்தை இனங்கண்டது. இன்றைய பொறிகள் படத்திற்குள்ளேயே நோக்கவும் கற்றுள்ளன; பானையைப் பானை என்றும், கோபுரத்தைக் கோபுரம் என்றும் சொல்லும். ஆனால் பானையருகே நிற்கும் மூதாட்டி யார், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்பனவற்றை நாமன்றோ சொல்லுதல் வேண்டும்?

எங்ஙனம் சொல்வது? முதலாவது, கோப்பின் பெயர். கருவி தரும் பெயர் 'ஐ.எம்.ஜி. 0047' என்பது போன்ற வெற்றெண். அதை மாற்றி, 'பொங்கல், கரக்பூர், 1974' என்னும் சொற்களை ஆங்கில எழுத்துக்களில், இடையே சிறு கோடிட்டு எழுதுக. சொற்களைப் பிரிக்கச் சிறுகோடே ஏற்றது என்று கூகிள் நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

இரண்டாவது, படத்தின் கீழே அமையும் விளக்கம். இதை நல்ல தமிழில், இடமிருந்து வலமாக நிற்போர் பெயருடன் எழுதுக.

மூன்றாவது, மாற்றுரை. படம் ஏற்றும்போது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று ஒரு கட்டம் காணப்படும். பலர் அதை வெறுமனே விட்டுவிடுகின்றனர். 1995ஆம் ஆண்டின் ஹெச்.டி.எம்.எல். இலக்கணத்திலேயே அதற்கு இடமுண்டு. பார்வையற்றோரின் கணினி அம்மாற்றுரையைத்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டும். 'குடியிருப்பு முற்றத்தில் மூன்று பெண்கள் பொங்கற் பானையைச் சூழ்ந்து நிற்கின்றனர்' என்று ஒரு வரி எழுதினால் போதும். கண்பார்வை மங்கிய பாட்டிக்கும் படம் தெரியும், தேடுபொறிக்கும் தெரியும். இதனினும் எளிய தொண்டு ஒன்று உண்டோ?

புலம்பெயர்ந்தோராகிய நாம் கருத வேண்டிய தனிச்செய்தி ஒன்று உண்டு. ஊர்களின் பெயர்கள் மாறிவிட்டன. பம்பாய் 1995இல் மும்பை ஆயிற்று. மதராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. கல்கத்தா 2001இல் கொல்கத்தா ஆயிற்று. தாத்தா படத்தின் பின்புறம் 'பம்பாய்' என்று எழுதியிருப்பார். பேரன் 'மும்பை' என்றே தேடுவான். ஆதலின் இரு பெயர்களையும் எழுதுக. மனிதர் பெயரும் அத்தகையதே. ஊரில் தந்தையின் முதலெழுத்து முன்னே நிற்கும். வடபுலத்து அலுவலக ஏட்டில் தந்தையின் முழுப்பெயர் பின்னே சேர்ந்துவிடும். இரு வடிவும் விளக்கத்தில் இடம்பெறட்டும். ஆனால் தொடர்பற்ற சொற்களை அடுக்குதல் தகாது. ஒரே மூட்டையின்மேல் பத்து ஊர்ப் பெயர்களை எழுதினால் அது எவ்வூருக்குப் போகும்? தேடுபொறியும் அத்தகைய அடுக்கலை ஏற்பதில்லை.

அடுத்து, எடை. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டு, பல மெகாபைட் எடையுடன் இருக்கும். இணையத்தில் ஏற்ற 1600 புள்ளி அகலம் போதுமானது. இளைத்த படம் விரைந்து திறக்கும். கிராமத்திலுள்ள சித்தப்பாவின் கைப்பேசியிலும் தடையின்றித் தோன்றும். 2010இல் கூகிள் வெளியிட்ட வெப்பி என்னும் வடிவம், அதே தரத்திலுள்ள ஜேபெக் படத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இடம் குறைவாகக் கொள்ளும். ஆயினும் மூலப்படத்தைச் சுருக்காமல் தனியே காத்து வைத்தல் அவசியம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கும். 'டாக்குமென்ட்' என்னும் வழியில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். நாம் வேண்டுவன மட்டுமின்றி, வேண்டாதனவும் தேடுவோர்க்குக் கிட்டும். கைப்பேசிப் படத்திற்குள் எடுத்த இடத்தின் குறிப்பு மறைந்திருக்கக் கூடும். அதை நீக்கிய பின்னரே ஏற்றுக. சிறு குழந்தைகளின் முழுப்பெயரையும் பள்ளியையும் எழுத வேண்டா. உறவினர் படத்தை அவர்தம் இசைவின்றிப் பொதுவில் வைக்கவும் வேண்டா.

இவை யாவும் ஒரு மாலைப் பொழுதில் கற்கத் தக்கவை. கற்க இயலாதது ஒன்றே: படத்திலுள்ளோர் யார் என்பது. எத்துணைத் திறமுடைய பொறியாயினும், எவரும் எழுதி வைக்காத பெயரை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? அப்பெயர்கள் இன்று நம் இல்லத்து முதியோரின் நாவில் மட்டுமே உள்ளன. அந்நா ஓய்ந்துவிட்டால், மூன்றாந் தலைமுறைக்கு அப்படம் யாரோ மூவர் நிற்கும் ஒரு காகிதமே. மொழியும் ஊரும் கைநழுவிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, தம் வேர் இன்ன மண்ணில் என்று காட்ட அப்பெயர்களை விட்டால் வேறென்ன உண்டு?

ஆகவே அன்பர்களே, கணினியைத் திறக்குமுன் பெட்டியைத் திறவுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியையோ பெரியப்பாவையோ அருகில் அமர்த்தி, பத்துப் படங்களை மட்டும் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி; பெரியவர்க்கு மனநிறைவு; படத்திற்கோ அழியாத முகவரி.