அரிசியில் துத்தநாகம் குறைந்தது மண்ணாலா, ரகத்தாலா?

விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டுக் கிளம்பும்போது, டெல்டா விவசாயி ஒருவர் கைபேசியை நீட்டினார். 'உரம் போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது, அரிசியில் சத்தே இல்லை என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்அப்பில் வந்த தகவல். "இது நெசமா சார்? அப்ப இத்தனை வருஷம் நாங்க தப்பு பண்ணிட்டோமா?" என்று கேட்டார்.

ஆய்வு உண்மைதான். ஆனால் தகவலில் சொல்லப்பட்ட காரணத்தை அந்த ஆய்வு சொல்லவில்லை.

மேற்கு வங்கத்தில் உள்ள பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 2021-ல் வெளியானது. 1960-களில் தொடங்கி அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வெளியான முக்கிய நெல், கோதுமை ரகங்களின் விதைகளைச் சேகரித்து, தொட்டிகளில் வளர்த்து, தானியத்தை அளந்தார்கள். 1960-களின் நெல் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் துத்தநாகமும் 59.8 மில்லிகிராம் இரும்பும் இருந்தன. 2000-களின் ரகங்களில் இவை 20.6 ஆகவும் 43.1 ஆகவும் குறைந்திருந்தன. கோதுமையிலும் இதே கதைதான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பழைய ரகமும் புதிய ரகமும் ஒரே மாதிரியான மண்ணில், ஒரே பராமரிப்பில் வளர்ந்தவை. வேறுபட்டது ரகம் மட்டுமே. எனவே இந்தச் சரிவுக்கு விவசாயி போட்ட உரத்தைக் காரணம் காட்ட முடியாது. ரகங்களைத் தேர்வு செய்த எங்கள் தரப்புதான் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் விளைச்சலைப் பார்த்தோம், சாயாத பயிரைப் பார்த்தோம், பூச்சி நோயைத் தாங்குகிறதா என்று பார்த்தோம். மணியில் துத்தநாகம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. மாவுச்சத்து கூடிய வேகத்துக்கு நுண்ணூட்டம் கூடாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். பஞ்சத்துக்குப் பயந்த காலத்தில் அப்படிச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கிடங்குகள் நிரம்பிய பிறகும் நெடுநாள் அளக்காமல் இருந்தோமே, அதற்குச் சமாதானம் கிடையாது.

கிலோவுக்கு ஆறேழு மில்லிகிராம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுபவருக்குப் பழைய ரகத்தில் சுமார் 10.8 மில்லிகிராம் துத்தநாகம் கிடைத்திருக்கும். புதிய ரகத்தில் 8.2 தான். மீன், முட்டை, பருப்பு தாராளமாகச் சாப்பிடும் வீட்டில் இது தெரியாது. மூன்று வேளையும் சோறும் குழம்பும் என்றிருக்கும் வீட்டில், வளரும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. துத்தநாகம் குறைந்தால் வளர்ச்சி தடைபடும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாளைக்கு துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறார்களே, அதே துத்தநாகம்தான்.

அதற்காக 'பாரம்பரிய ரகம்' என்று எழுதிய பை எல்லாவற்றிலும் துத்தநாகம் நிறைந்திருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ரகத்துக்கு ரகம் அளவு மாறும். அந்த அரிசியைப் பெரும்பாலும் தவிடு நீக்காமல் சாப்பிடுகிறோம். நன்மையில் ஒரு பங்கு அதனால் வருவது. மில்லில் வெள்ளையாகத் தீட்டும்போது இரும்புதான் அதிகம் போகிறது. துத்தநாகம் மணியின் உட்பகுதியிலும் இருப்பதால் ஓரளவு தப்புகிறது. துத்தநாகம் கூடிய ரகங்களை உருவாக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி வந்தவற்றில் ஒன்று டி.ஆர்.ஆர். தான் 45. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 2016-ல் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கு வெளியிடப்பட்டது. 125 முதல் 130 நாள் வயது. மற்ற ரகங்களின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் துத்தநாகம் என்றால், இதில் 22.6. உங்கள் மண்ணுக்கும் பட்டத்துக்கும் ஒத்துவருமா என்பதை முதலில் பத்து சென்ட்டில் நட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து ஏக்கருக்கு விதை வாங்க வேண்டாம்.

ரகம்தான் காரணம் என்பதால் மண்ணை விட்டுவிடவும் முடியாது. தமிழக மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் துத்தநாகப் பற்றாக்குறை உள்ளவை. மண்ணில் இல்லாததை எந்த ரகமும் எடுத்துத் தராது. மண் பரிசோதனை செய்து, குறை இருந்தால் நடவுக்குச் சற்று முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்காதீர்கள்; மணிச்சத்தோடு சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும். மணியில் அளவைக் கூட்ட, பூத்து முடிந்து பால் பிடிக்கும் பருவத்தில் இலைவழித் தெளிப்பு உதவுகிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், மாலை நேரத்தில்.

இவ்வளவையும் சொன்னபோது அந்த விவசாயி கேட்ட அடுத்த கேள்வி, "கொள்முதல் நிலையத்துல இதுக்கு விலை கூடக் குடுப்பாங்களா?" என்பது. அங்கே பார்ப்பது சன்ன ரகமா, பொது ரகமா, ஈரப்பதம் எவ்வளவு என்பதைத்தான். துத்தநாகத்துக்கு இன்று தனி விலை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சற்று யோசித்தவர், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் வயலில் மட்டும் நட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, ரகத்தின் பெயரைக் கைபேசியில் பதிந்துகொண்டார்.