ஹோலித் தீயும் கிருமிக் கணக்கும்

பால்குன பௌர்ணமி இரவில் வட இந்தியத் தெருக்களில் மூட்டப்படும் ஹோலிகா தீயை வலம்வந்தால் உடலிலுள்ள கிருமிகள் சாகும் என்று ஆண்டுதோறும் ஓர் 'அறிவியல்' விளக்கம் சுற்றுகிறது. அங்கே வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுமாம். கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடு பட்டால் முதலில் வெந்துபோவது தோல்தான். விறகும் வறட்டியும் கக்கும் புகையோ நுண்துகள்களைப் பரப்பி ஆஸ்துமாக்காரர்களைத் திணறவைக்கிறது.

அப்படியானால் மரபில் நலம் எதுவுமே இல்லையா என்று கேட்கலாம். ஹோலியில் பூசி விளையாடும் சாயத்தில் இருந்தது: புரசம்பூவை ஊறவைத்து எடுத்த ஆரஞ்சு நிறம் தோலை அவ்வளவாக உறுத்தாது. இன்றைய மலிவுப் பொடிகள் சிலவற்றில் மாலகைட் பச்சை போன்ற தொழிற்சாலைச் சாயங்கள் கலக்கின்றன, கருவிழியே புண்ணாகலாம். 'மூலிகை' முத்திரையையும் அப்படியே நம்ப முடியாது. பொடி கண்ணில் விழுந்தால் தேய்க்காமல், சுத்தமான நீரால் நன்கு கழுவ வேண்டும்.