சரித்திரம் தேடிய கடிதங்கள்

சமயப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலிற் செய்யத்தக்கது யாது என்று மாணவரை வினவினால், பிறந்த ஊரையும் ஆண்டையும் குறித்தல் என்பர். அவரை நேரிற் கண்டவர்க்குக் கடிதம் எழுதுதலே முதற்பணி என்பது நம் கருத்து. பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே நாமும் அப்பணியிற் சிறிது ஈடுபட்டோம். அதனைக் கூறுமுன், ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் சரித்திரம் உருவான வகையை நோக்குவோம்.

பரமஹம்சர் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மகாசமாதி எய்தினார். தம் கைப்பட நூலெதுவும் எழுதிவைத்தாரல்லர். இருக்கு வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் அவர்மீது பெருமதிப்பு வைத்திருந்தார். எனினும் இந்தியாவை ஒருநாளும் கண்டவரல்லர். 1896 மே 28ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் ஆக்ஸ்போர்டில் அவரைச் சந்தித்தார். போதிய செய்திகள் கிடைப்பின் விரிந்த நூலொன்று எழுதலாம் என அறிஞர் விரும்ப, கடிதங்கள் கடல் கடக்கத் தொடங்கின. குருநாதரின் உபதேசங்களைப் பொருள்வாரியாகப் பகுத்து அனுப்புமாறு இராமகிருஷ்ணானந்தருக்கு விவேகானந்தர் எழுதினார். மறு ஆண்டிலே சென்னைக்கு வந்து மடம் நிறுவியவர் இவரே. வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தவர் சாரதானந்தர்.

அன்பர் கடிதங்கள் மட்டுமே வந்திருந்தால் வேலை எளிதாய் முடிந்திருக்கும். பிரமசமாஜத்துப் பிரதாப சந்திர மஜும்தார் முன்னொருகால் பரமஹம்சரைப் போற்றி எழுதியவர். அவரே பின்னர் மாக்ஸ் முல்லருக்கு வரைந்த கடிதத்தில், பரமஹம்சரின் பேச்சு நயமற்றதென்றும் அவர் தம் மனைவியாரை நடத்திய முறை தகாததென்றும் குறை கூறினார். மாக்ஸ் முல்லர் அதனை மறைத்தாரல்லர். 1898இல் வெளிவந்த நூலில் அக்குறைகளை எடுத்துரைத்தே விடை பகர்ந்தார். சீடர் தந்த செய்திகளையும் அப்படியே ஏற்றாரல்லர். பக்தி மிகுந்த இடத்தில், கண்டவர் உயிரோடிருக்கும்போதே கதை வாய்க்கு வாய் வளரும் என வாசகரை எச்சரித்தார். இந்த நேர்மையே அந்நூலுக்கு உயிர் என்போம்.

முப்பதாண்டு கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்து இதே பணியை மேற்கொண்டார். அவர் ஆங்கிலம் அறியார். சகோதரியார் மதலேன் நூல்களையும் கடிதங்களையும் மொழிபெயர்த்துக் கூறுவார். இந்தியாவுக்கு வராமல், சுவிற்சர்லாந்திலிருந்தே, பரமஹம்சரை நேரிற் கண்ட சிவானந்தருக்கு எழுதி விடை பெற்றார். ‘பிரபுத்த பாரத’ ஆசிரியர் அசோகானந்தரோடு கடிதவாயிலாக வாதமும் செய்தார். (அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பைப் பிற்காலத்தில் ஏற்றவர் நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் என்பதை இங்கே நினைத்தல் தகும்.) இராமகிருஷ்ணர் சரித்திரம் 1929இலும் விவேகானந்தர் சரித்திரம் 1930இலும் வெளிவந்தன. சிவானந்தர் 1934இல் மறைந்தார். ரோலந்து சில ஆண்டு தாமதித்திருப்பின் எவரிடம் கேட்டிருப்பார்?

இனி நம் ஊவாவுக்கு வருவோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலில் முன்னாளில் ஒரு துறவியார் தங்கி, லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் தேவாரமும் கற்பித்தார். அவர் கதிர்காம யாத்திரையாக வந்தவர் என்றார் ஒரு முதியவர். கொழுந்து நிறுத்த கையே பின்னர்க் காவி உடுத்தது என்றார் மற்றொருவர். அவருக்கு உணவளித்த குடும்பமோ, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று நீலகிரியிற் குடியேறியிருந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென வகுத்த அவ்வொப்பந்தம், எத்தனை கோயில்களின் கதைகளை உடன்கொண்டு சென்றதோ!

நீலகிரிக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றாவதற்கு விடை வந்தது. அவர் தோட்டத்தில் வேலை செய்தவரே என்பது தெளிவாயிற்று; கோயிற் கணக்குப்பற்றி எழுந்த மனத்தாங்கலினால், ஒருவரிடமும் சொல்லாமல் ஓரிரவில் வெளியேறினார் என்ற செய்தியும் அதில் இருந்தது. "அதனை எழுத வேண்டா, ஐயா" என்று கோயிற் பெரியவர்கள் நம்மை வேண்டினர். சில நாள் நாமும் தயங்கினோம். பிறகு மஜும்தாரின் கடிதம் நினைவுக்கு வர, இரு தரப்புச் செய்திகளையும் எழுதிவைத்தோம். பெரியவர்களுள் ஒருவர் இன்றளவும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

இம்மலரைக் காணும் பழைய மாணவர் பலர் தோட்டங்களிற் பிறந்தவர். சிலர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். தத்தம் தோட்டத்துக் கோயிலை எடுப்பித்தவர், பசனை நடத்தியவர், சமயம் போதித்தவர் பற்றி அறிந்தவற்றை நமக்கு எழுதியனுப்புக. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும், எந்த டிவிசன் என்பதையும் குறித்தல் வேண்டும். தமிழ்ப் பெயர் ஒன்றே கொண்டு இடத்தைத் தேடி நாம் பட்ட பாடு பெரிது. தாம் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதை யாரிடம் கேட்டது என்றும் எழுதுக. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுக. எழுதியதை அவர்களுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டியபின் உறையில் இடுக.